25 சென்ட் புத்தகமும் நாலு பென்சில் சிலுவையும்

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். எனக்கு அமெரிக்கக் கால்பந்து ஆடத் தெரியாது, பார்க்கவும் அரைகுறையாத்தான் தெரியும். இத்தனை வருஷமா இந்த நாட்டுல குப்பை கொட்டியும், பந்து யார் கையில இருக்குன்னு நான் கண்டுபிடிக்கிறதுக்குள்ள விசில் ஊதிடறாங்க. கையில தூக்கிட்டு ஓடுற ஆட்டத்துக்கு எதுக்கய்யா கால்பந்துன்னு பேரு வச்சீங்கன்னு கேக்குற கோஷ்டிதான் நானும். அப்படிப்பட்ட ஆளு, கல்லூரிக் கால்பந்து மைதான வாசல்ல அந்தக் காலத்துல வித்த ப்ரோகிராம் புத்தகங்களை அலமாரி நிறைய சேர்த்து வச்சிருக்கேன். தங்கமணி தலையில அடிச்சுக்கிறதுல நியாயம் இருக்கு.

கொசுவத்தி சுத்தியாச்சு, அப்படியே பின்னாடி போயிடலாம். பென்சில்வேனியாவுல ஒரு சனிக்கிழமை காலையில எஸ்டேட் சேல் ஒண்ணுக்குப் போயிருந்தோம். வீட்டுக்காரர் காலமானதுக்கப்புறம் வீட்டுல இருக்குற அத்தனை சாமானுக்கும் விலைச்சீட்டு ஒட்டி விப்பாங்களே, அது. நாங்க போனது புத்தக அலமாரி வாங்க. அலமாரி கார்ல ஏறல. அதுக்குக் கீழ ஒரு செருப்பு டப்பா இருந்துச்சு. உள்ள பதினோரு புத்தகம், 12 டாலர். மேலாக இருந்த அட்டையில தோல் தொப்பி மாட்டின ஒரு பையன் பந்தை அணைச்சுக்கிட்டு நிக்கிறான். பக்கத்துல ரோமக் கோட்டு போட்ட பொண்ணு. அவ நெஞ்சுல மஞ்சள் சாமந்திப்பூ. நம்ம சாமந்தியேதான், ஆனா தேங்காமூடி சைஸ்ல. பின்னாடி முக்கோணக் கொடி பறக்குது. மூலையில '25 சென்ட்'.

விழுந்துட்டேன்.

நம்ம ஊரு தியேட்டர் வாசல்ல வித்த பாட்டுப் புத்தகம் ஞாபகம் இருக்கா? கதைச்சுருக்கத்தைப் பாதி வரைக்கும் சொல்லிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்கன்னு முடிச்சிருப்பாங்க. இந்த ப்ரோகிராமும் அதே சாதிதான். ஆட்டத்துக்கு சில நாள் முன்னாடி அச்சடிச்சு, ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி வித்துடுவாங்க. யாரு ஜெயிச்சாங்கங்கிறது அதுல இருக்கவே இருக்காது. மறுநாள் பேப்பருக்கு எல்லாம் தெரியும், இதுக்கு ஒண்ணும் தெரியாது. நான் இதைச் சேர்க்கிறதுக்குக் காரணமே அந்த ஒண்ணும் தெரியாத தன்மைதான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் வரலாறு. அமெரிக்காவுல ரெண்டு கல்லூரிகள் மோதின முதல் கால்பந்தாட்டம்னு சொல்றது 1869 நவம்பர் 6-ஆம் தேதி, நியூ ஜெர்சியில ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடினதை. பக்கத்துக்கு 25 பேர். ரட்கர்ஸ் 6-4-ன்னு ஜெயிச்சுது. அன்னிக்கு ஆடினவங்களையும் பார்த்தவங்களையும் ஒரே கல்யாண மண்டபத்துல அடைச்சிடலாம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். புத்தகத்துக்குத் தேவையே இல்ல. 1880, 90-களில் யேலும் பிரின்ஸ்டனும் நன்றி நவிலல் நாளன்னிக்கு நியூயார்க்ல ஆட ஆரம்பிச்சதும் கூட்டம் பல்லாயிரமாச்சு. அப்புறம் 1914-ல் யேல் பௌல், 1922-ல் ரோஸ் பௌல், 1927-ல் மிச்சிகன் மைதானம்னு கிண்ணம் கிண்ணமா கட்டித் தள்ளிட்டாங்க. கடைசி வரிசையில உக்காந்தவனுக்கு கீழ ஓடுறவன் எறும்பு மாதிரிதான் தெரிவான். சட்டையில முன்னும் பின்னும் நம்பர் இருக்கணும்னு விதி வந்ததே 1937-லதான். 'நம்பர் 77 யாரு?'ன்னு தெரிஞ்சுக்க புத்தகம் வேணும். ஒரு மடிப்பு அட்டையா இருந்தது, வண்ண அட்டையும் விளம்பரமுமா கொழுத்தது இப்படித்தான்.

இந்தப் புத்தகங்களுக்குன்னே ஒரு அமைப்பு உண்டு. நட்ட நடுப்பக்கத்துல ரெண்டு அணியோட பட்டியல், அதைச் சுத்தி சிகரெட் கம்பெனி விளம்பரமோ கோகோ கோலா விளம்பரமோ. பின்னட்டையில பெரும்பாலும் செஸ்டர்ஃபீல்ட், கேமல், லக்கி ஸ்டிரைக்னு எதாவது ஒரு சிகரெட். உள்ள ஓடியாடுற பசங்க, வெளிய புகை. அந்தக் காலத்துல யாருக்கும் அது வினோதமாத் தெரியல.

ஆனா முன்னட்டைதான் ராஜா. அந்த அட்டைகளைப் போட்டவங்கள்ல முக்கியமான ஆளு லான் கெல்லர். 1907-ல் பிறந்து 1995-ல் இறந்தவர். 1930-களில் ஆரம்பிச்சு ஏறக்குறைய நாப்பது வருஷம், ஆயிரக்கணக்குல ப்ரோகிராம் அட்டைகளுக்குப் படம் வரைஞ்சார். நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியோட தொப்பி மாட்டின மட்டை சின்னத்தையும் இவர் பேர்லதான் பொதுவா சொல்லுவாங்க. ஒரே மனுஷனால எப்படி அத்தனை அட்டை? சிவகாசி காலண்டர் எப்படியோ அப்படி. முருகன் படம் ஒண்ணுதான். கீழ காலியா இருக்குற இடத்துல ஒரு ஊர்ல ஜவுளிக்கடை பேரு, இன்னொரு ஊர்ல நகைக்கடை பேரு. இங்கயும் ஒரே படத்துல கல்லூரி பேரையும் தேதியையும் மாத்தி ஊர் ஊரா வித்தாங்க. அட்டைக்குன்னு தனியா ஓவியருக்குக் காசு குடுக்க முடியாத சின்னக் கல்லூரிக்கும் அழகான அட்டை கிடைச்சுது. ரெண்டு வேற வேற கல்லூரிப் புத்தகத்துல அதே பையன், அதே சிரிப்பு, அதே சாமந்திப்பூன்னு முதல் தடவை பார்த்தப்போ ஏமாத்திட்டாங்களேன்னு நினைச்சேன். இப்போ அந்த ஜோடிகளைத் தேடித் தேடி வாங்குறேன். :-)

அப்புறம், அட்டையில இருக்குற அந்தப் பையன் எல்லா ஊர்லயும் ஜெயிக்கப் போறவனா சிரிக்கிறான். அவனுக்கும் ஒண்ணும் தெரியாது.

1924 அக்டோபர் 18-ஆம் தேதியை எடுத்துக்கங்க. ஒரே சனிக்கிழமையில ரெண்டு இடத்துல ரெண்டு ஆட்டம். இல்லினாய்ல, முதல் உலகப்போர்ல இறந்தவங்க நினைவா கட்டின புது மைதானத்தோட அர்ப்பண விழா, எதிரணி மிச்சிகன். 1922, 1923 ரெண்டு சீசன்லயும் மிச்சிகன் ஒரு ஆட்டம்கூடத் தோற்கல. கனமான அணி. முதல் உதையிலேயே பந்தைப் பிடிச்ச ரெட் கிரேஞ்சுங்கிற பையன் 95 யார்டு ஓடி டச்டவுன். முதல் 12 நிமிஷத்துக்குள்ள நாலு டச்டவுன். 39-14-ன்னு இல்லினாய் ஜெயிச்சுது. அதே நாள் நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ்ல நோட்டர் டேம் ராணுவ அகாடமியை 13-7-ல் ஜெயிச்சுது. அந்த ஆட்டத்தைப் பத்தி எழுதின கிராண்ட்லாண்ட் ரைஸ்தான் நோட்டர் டேமோட நாலு பேரை 'நான்கு குதிரைவீரர்கள்'னு எழுதி வச்சார். அந்த நாலு பேரையும் நிஜமாவே குதிரை மேல உக்கார வச்சு ஒரு போட்டோ எடுத்தாங்க, கேட்கணுமா, நாடு முழுக்கப் பரவிடுச்சு.

ஆனா அன்னிக்கு வாசல்ல வித்த புத்தகத்துல குதிரையும் இல்ல, வீரனும் இல்ல. ஸ்டுல்ட்ரேயர், மில்லர், க்ரௌலி, லேடன்னு நாலு பேரு, மத்த பேருங்களோட பேரா வரிசையில நிக்கிறாங்க. இன்னும் ரெண்டு மணி நேரத்துல சரித்திரமாகப் போறவங்க, பட்டியல்ல வெறும் வரி. இதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மாதிரி சிலிர்க்கும்.

சிலிர்ப்பு எப்பவும் சந்தோஷமாவே இருக்கும்னு சொல்ல முடியாது. 1941 நவம்பர் 29, பிலடெல்பியா. ராணுவ அகாடமிக்கும் கடற்படை அகாடமிக்கும் வருஷா வருஷம் நடக்குற ஆட்டம். 98 ஆயிரத்துக்கு மேல கூட்டம். கடற்படை 14-6-ல் ஜெயிச்சுது. அந்த ப்ரோகிராம் உள்ள ஒரு பக்கத்துல ஒரு போர்க்கப்பல் அலையைக் கிழிச்சுக்கிட்டு வர்ற படம். கீழ குறிப்பு. விமானப் பிரியர்கள் என்னதான் சொன்னாலும், குண்டு போட்டு இதுவரைக்கும் ஒரு போர்க்கப்பலும் மூழ்கினதில்லைங்கிற மாதிரி அர்த்தம் வர்ற ஒரு வரி. கப்பலோட பேரு அரிசோனா.

சரியா எட்டு நாள். டிசம்பர் 7 காலையில பேர்ல் துறைமுகத்துல ஜப்பானிய விமானம் போட்ட குண்டு முன்பக்கத்து வெடிமருந்து அறையை வெடிக்க வச்சு அரிசோனா மூழ்கிச்சு. அந்தக் கப்பல்ல மட்டும் 1,177 பேர் செத்தாங்க. கப்பல் இன்னமும் அங்கதான் தண்ணிக்கடியில கிடக்கு, 1962-ல் அது மேலயே நினைவிடம் கட்டிட்டாங்க.

அந்தக் குறிப்பை எழுதினவர் முட்டாள் கிடையாது. 1921-ல் பில்லி மிட்செல் ஒரு பழைய ஜெர்மன் போர்க்கப்பலை விமானத்துலேர்ந்து குண்டு போட்டு மூழ்கடிச்சுக் காட்டியிருந்தார். ஆனா அது நங்கூரம் போட்டு நிறுத்தி வச்ச, ஆளில்லாத கப்பல், வெறும் சோதனைன்னு கடற்படைக்காரங்க ஒதுக்கிட்டாங்க. அந்த வாக்குவாதத்தோட நீட்சிதான் இந்த ஒரு வரி. கால்பந்து புத்தகத்துல, விளம்பரங்களுக்கு நடுவுல, எதிர்க்கட்சியை சும்மா ஒரு கிள்ளு கிள்ளின வரி. எட்டு நாள்ல அது எப்படி ஆயிடுச்சு பாருங்க. சரித்திரப் புத்தகம் எழுதுறவங்களுக்கு முடிவு தெரியும், அதனால முன்னாடி இருந்த நம்பிக்கையைக்கூட முடிவோட நிழல்லதான் எழுதுவாங்க. இந்தப் புத்தகத்துல நிழலே விழல.

அதுக்கப்புறம் எல்லாமே தலைகீழ். கலிபோர்னியாவுல ஆட வேண்டிய 1942 புத்தாண்டு ரோஸ் பௌலை, மேற்குக் கரையில ஜப்பான்காரன் குண்டு போட்டுடுவானோங்கிற பயத்துல நாட்டோட அந்தக் கோடிக்கு, வட கரோலினாவுல டர்ஹம் ஊருக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ஆரகன் ஸ்டேட் 20, ட்யூக் 16. ரோஸ் பௌல் பேரோட டர்ஹம் ஊர் ப்ரோகிராம்னா சேகரிப்பாளர்கள் கண்ணுல ஒத்திக்குவாங்க. என் பட்ஜெட்டுக்கு அது எட்டாக்கனி. அதே 1942 கடைசியில நடந்த ராணுவம்-கடற்படை ஆட்டத்துக்கு பெட்ரோல் கட்டுப்பாட்டால வெளியூர்க் கூட்டமே கிடையாது. ராணுவ அகாடமி மாணவர்கள் வர முடியாததால, கடற்படை மாணவர்கள்லயே ஒரு பகுதியைப் பிரிச்சு, 'நீங்க எதிரணிக்குக் கைதட்டுங்க'ன்னு உத்தரவு போட்டாங்க. உத்தரவுக்காகக் கைதட்டினவங்க மனசு எங்க இருந்திருக்கும்னு கேக்காதீங்க.

1963-ல் இன்னொரு தடவை. நவம்பர் 22, வெள்ளிக்கிழமை மத்தியானம் கென்னடியைச் சுட்டுட்டாங்க. மறுநாள் சனிக்கிழமை, நாடு முழுக்க ஆட்டம். புத்தகமெல்லாம் அச்சாகி கட்டுக் கட்டா ரெடி. ஓக்லஹோமா-நெப்ராஸ்கா மாதிரி சில ஆட்டங்கள் நடந்துச்சு. ஹார்வர்ட்-யேல் ஒரு வாரம் தள்ளிப் போச்சு. ஹார்வர்ட் கென்னடி படிச்ச கல்லூரி. நவம்பர் 30 நடக்க வேண்டிய ராணுவம்-கடற்படை ஆட்டமும் தள்ளிப்போய் டிசம்பர் 7-ல் நடந்துச்சு. அரிசோனா மூழ்கின அதே தேதி, 22 வருஷம் கழிச்சு. தொலைக்காட்சியில 'இப்ப நடந்ததை மறுபடி பாருங்க'ன்னு உடனடி மறு ஒளிபரப்பை முதன்முதலா காட்டினதும் அந்த ஆட்டத்துலதான்.

அட்டைகளுக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் உண்டு, அதைச் சொல்லாம விட்டா அயோக்கியத்தனம். பழைய அட்டைகள்ல செவ்விந்தியரை கோமாளியா வரைஞ்சது ஏராளம். பெரிய மூக்கு, கையில கோடாரி, தலையில இறகு. ஸ்டான்ஃபோர்ட் 1972-லயும், டார்ட்மத் 1974-லயும் அந்தச் சின்னத்தைக் கைவிட்டாங்க. ஆனா நிஜத்துல, பூர்வகுடிப் பசங்களைக் குடும்பத்துலேர்ந்து பிரிச்சு வளர்த்த கார்லைல் பள்ளி அணி, 1912 நவம்பர் 9-ஆம் தேதி ராணுவ அகாடமியை அதோட சொந்த மைதானத்துலயே 27-6-ன்னு துவைச்சு எடுத்தாங்க. கார்லைல் பக்கம் ஜிம் தோர்ப். ராணுவப் பக்கம், பிற்பாடு ஜனாதிபதியான ஐசனோவர். இப்படி ஒரு ஆட்டம் நடந்தப்புறமும் பத்துப் பத்து வருஷமா அட்டையில கோமாளிதான். நான் அந்த அட்டைகளை வாங்கி வச்சிருக்கேன், சட்டம் போட்டு சுவத்துல மாட்டல. வரைஞ்சவருக்கு அது தப்புன்னே தோணியிருக்காதுங்கிறதுதான் பயமா இருக்கு. நம்ம காலத்து அட்டைகள்ல நமக்குத் தெரியாதது என்னென்னவோ.

சரி, இப்ப செருப்பு டப்பாவுக்கு வரேன்.

அந்தப் பதினொண்ணுல ஒண்ணு 1941 அக்டோபர், ஒரு சின்னக் கல்லூரி. அட்டை அந்த ஊர் ஊரா வித்த ரகம்தான், அதே சிரிச்ச பையன். நடுப்பக்கத்துல யாரோ லேசான பென்சில்ல ஸ்கோரைக் கிறுக்கியிருக்காங்க. ஆட்டம் பார்த்துக்கிட்டே எழுதினது, எழுத்து ஆடுது. அதே பக்கத்துல, உள்ளூர் அணிப் பட்டியல்ல நாலு பேருக்குப் பக்கத்துல சின்னதா சிலுவை. அது வேற பென்சில். அழுத்தி, நிதானமா, ஒரே அளவா போட்டது.

பார்த்த உடனே மனசு ஓடுச்சு. 1941 அக்டோபர். ரெண்டே மாசத்துல போர். உடனே கதை கட்டத் தோணுமில்லையா? அடக்கிக்கிட்டு, அந்தக் கல்லூரி நூலகத்துக்கு நாலு பேரையும் குறிப்பிட்டு மடல் போட்டேன். மூணு வாரம் கழிச்சு பதில். மூணு பேர் கல்லூரியோட போர் நினைவுப் பட்டியல்ல இருக்காங்க. நாலாவது ஆளு இல்ல. அவர் போருக்குப் போய்த் திரும்பி வந்து, பழைய மாணவர் சங்கத்துக்கு ரொம்ப வருஷம் சந்தா கட்டியிருக்கார்.

அப்போ நாலாவது சிலுவை எதுக்கு? தப்பான சேதி வந்து போட்டாங்களா? காணாமப் போயிட்டார்னு நினைச்சு அழுது, அப்புறம் திரும்பி வந்தாரா? வந்தப்புறம் ஏன் அழிக்கல? இல்ல, சிலுவைக்கு அர்த்தமே வேறயா? கேக்க ஆளில்ல. வீட்டை வித்தவங்க ஏஜென்ட், அவங்களுக்கு அது வெறும் செருப்பு டப்பா.

ஒரு சந்தையில பழைய காகிதம் விக்கிற பெரியவர்கிட்ட இதைக் காட்டினேன். கிறுக்கல் இருந்தா விலை பாதிதான் கிடைக்கும், மெத்து ரப்பர் வச்சு மெதுவா தேச்சா சுத்தமா போயிடும்னார். நல்ல எண்ணத்துலதான் சொன்னார், சந்தை வழக்கமும் அதுதான். புத்தம் புதுசா, கடையிலேர்ந்து வந்த மாதிரி இருந்தாத்தான் மதிப்பு.

எனக்கு மனசு வரல. அச்சடிச்ச பக்கத்துக்கு ஒண்ணும் தெரியாது. பென்சிலுக்கு மட்டும்தான் தெரியும். பின்னாடி நடந்ததை எங்கயோ ஒரு சமையலறை மேசையில உக்காந்து கேள்விப்பட்டு, எழுந்து போய் டப்பாவைத் திறந்து, அந்த ஒரு சனிக்கிழமைப் பட்டியலைத் தேடி எடுத்துப் போட்ட கோடு அது. அதை அழிச்சா எனக்கு முப்பது டாலர் கூட வரும். மூணு பேருக்காக யாரோ ஒருத்தர் உக்காந்த அந்த அஞ்சு நிமிஷம் போயிடும். நாலாவது ஆளோட புதிரும் போயிடும்.

சேர்க்கணும்னு ஆசை வந்தவங்களுக்கு நாலு வார்த்தை. அந்தக் காலத்து மலிவுக் காகிதத்துல அமிலம் உண்டு, தானா பழுத்து நொறுங்கும். அமிலமில்லாத அட்டையை முதுகுக்கு வச்சு பாலியெஸ்டர் உறையில போடுங்க, பிவிசி உறை வேண்டவே வேண்டாம். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டினா அந்தப் பாவம் ஏழு ஜென்மத்துக்கும் விடாது. உள்ள டிக்கெட் துண்டு இருந்தா தனியா எடுத்து வைங்க, இல்லாட்டி கறை இறங்கும். போலியைக் கண்டுபிடிக்க ஒரு பூதக்கண்ணாடி போதும். கெட்டியா இருக்க வேண்டிய எழுத்து விளிம்பெல்லாம் புள்ளி புள்ளியா தெரிஞ்சா, அசலை ஸ்கேன் பண்ணி அச்சடிச்ச நகல். துருப்பிடிச்ச ஸ்டேப்ளர் பின் இருந்தா கோவிச்சுக்காதீங்க, வயசுக்கு அது ஒரு சாட்சி.

அலமாரி இன்னும் வாங்கல. தங்கமணி தினமும் ஞாபகப்படுத்துறாங்க. அந்த 1941 புத்தகம் உறைக்குள்ள, ரப்பர் படாம, பத்திரமா இருக்கு. அட்டைப் பையன் இன்னமும் ஜெயிக்கப் போறவனாவே சிரிச்சுக்கிட்டு இருக்கான்.